உயர் ரத்த அழுத்தத்தில் ரத்தக்கட்டி கரையும் திறனை அளப்பது எப்படி?

கேள்வி:
நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் ரத்தக்குழாய்கள் மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளானாலும், அவர்களுக்கு வரும் மாரடைப்பும் பெரும்பாலான பக்கவாதங்களும் குழாய் வெடிப்பதால் அல்லாமல் அடைபடுவதால்தான் ஏற்படுகின்றன என்று படித்தேன். கட்டியைக் கரைக்கும் அமைப்பு மந்தமாவதுதான் காரணமா? அதை அறிய, கரைதலைத் தடுக்கும் புரதமான பி.ஏ.ஐ.-1-இன் அளவை மட்டும் பார்த்தால் போதுமா?

பதில் 1:
அது காரணங்களுள் ஒன்று. குழாயின் உட்சுவர்ச் செல்கள் வெளியிடும் டி.பி.ஏ. என்ற நொதி, ரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பிளாஸ்மினாக மாற்ற, பிளாஸ்மின் ரத்தக்கட்டியைப் பிணைத்து வைக்கும் ஃபைப்ரின் புரத வலையை அறுக்கிறது. டி.பி.ஏ.வைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வது பி.ஏ.ஐ.-1. அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன், பி.ஏ.ஐ.-1 உற்பத்தியையும் தூண்டுகிறது. அந்த ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் ஏ.சி.இ. நொதியே, டி.பி.ஏ.வை வெளிவரச் செய்யும் பிராடிகைனினைச் சிதைக்கவும் செய்கிறது. ஒரே நொதி இரு வழிகளிலும் கரைதலுக்கு எதிராக நிற்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும்கூட பி.ஏ.ஐ.-1 அளவை உயர்த்துவதால், அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் பழியை அழுத்தத்தின் மீது மட்டும் போடக் கூடாது.

பதில் 2:
ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், ரத்தம் எடுக்கும் விதத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முடிவுகள் தவறிப்போவது பெரும்பாலும் அங்கேதான். பி.ஏ.ஐ.-1 அதிகாலையில் உச்சத்திலிருந்து பிற்பகலில் குறைவதால், எல்லோரிடமும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தத்திலுள்ள பி.ஏ.ஐ.-1-இல் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் இருக்கிறது. அவை எஞ்சியிருக்கும் பிளாஸ்மாவை உறைய வைத்தால், அணுக்கள் உடைந்து அளவு பொய்யாக உயர்ந்துவிடும். ஆகவே உறைய வைப்பதற்கு முன் இருமுறை மையவிலக்கம் செய்யுங்கள். டி.பி.ஏ.வின் செயல்திறனையும் அளப்பதாக இருந்தால் அமிலமாக்கிய சிட்ரேட் குழாய் தேவை, இல்லையெனில் குழாய்க்குள்ளேயே டி.பி.ஏ.வும் பி.ஏ.ஐ.-1-உம் பிணைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எலைசா முறையில் (எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) பி.ஏ.ஐ.-1-இன் மொத்த அளவை மட்டும் பார்க்கலாமா?

பதில் 2:
அது மட்டும் போதாது. உடல் வெப்பநிலையில் பி.ஏ.ஐ.-1 சில மணி நேரத்துக்குள் செயலற்ற வடிவுக்கு மாறிவிடும். பல எலைசா முறைகள் அதையும் சேர்த்தே எண்ணும். செயல்திறனைத் தனியே அளப்பதோடு, பிளாஸ்மாவில் டி.பி.ஏ. சேர்த்து, கட்டி உருவாகிக் கரைவதை ஒளிக்கலங்கல் முறையில் (கலங்கலால் ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று பார்ப்பது) தொடர்ந்து பதிவு செய்யுங்கள். ஃபைப்ரின் சிதையும்போது வெளிவரும் துண்டான டி-டைமரை இதற்குப் பதிலாகக் கொள்ள வேண்டாம். உறைதல் மிகுந்தாலும் அது உயரும், கரைதல் மிகுந்தாலும் உயரும்.