யூனிசாவுல தொலைதூரப் படிப்பு: பாடத்துல சந்தேகம் வந்தா யாரைப் பிடிக்கிறது?

சாட்ஸ்வர்த் வாணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி இந்த வருஷம் யூனிசாவுல, அதாவது தென்னாப்பிரிக்காவோட தொலைதூரப் பல்கலைக்கழகத்துல, பி.ஏ. சேர்ந்திருக்கா, சைக்காலஜி மேஜர். முதல் செமஸ்டருக்கு நாலு மாட்யூல் (தனித்தனிப் பாடம்) எடுத்திருக்கா. பார்மசியில முழுநேர வேலை, சில வாரம் சனிக்கிழமையும் ஷிப்ட் இருக்கு.

படிக்கிறதுக்கு அவ சளைச்சவ இல்லை. ஆனா ஒரு இடத்துல சிக்கிக்கிட்டா யாரைக் கேக்கிறதுன்னே தெரியாம அப்படியே உக்காந்துடுறா. லெக்சரருக்கு எழுதக் கூச்சம். இ-டியூட்டர்னு ஒருத்தர் பேர் வந்திருக்கு, அவர் லெக்சரரா இல்லை வேற ஆளான்னு புரியலை. வாட்ஸாப் குரூப்புல சேர்ந்தா, பாதி மெசேஜ் "டியூ டேட் எப்போ?", மீதி விடை விக்கிறவங்க. கூடப் படிக்கிற ஒருத்தரையும் நேர்ல தெரியாது. எங்க வீட்டுலயும் இதுக்கு முன்னாடி யாரும் யுனிவர்சிட்டி போனதில்லை. விவரம் தெரிஞ்சவங்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

மெரிபேங்க் வாசி பதில்:

வாணி அக்கா, முதல் வேலையா ஒவ்வொரு மாட்யூலுக்கும் டுட்டோரியல் லெட்டர் 101-ஐ மையூனிசாவுல (யூனிசா மாணவர்களுக்கான வெப்சைட்) இருந்து இறக்கச் சொல்லுங்க. நாலு மாட்யூல்னா நாலு லெட்டர். அசைன்மெண்ட் தேதி, எதுக்கு எத்தனை மார்க், எந்தப் புத்தகம் கட்டாயம், யாரைத் தொடர்பு கொள்ளணும் எல்லாம் அதுலதான் இருக்கு. குரூப்புல கேக்கிற கேள்வியில பெரும்பாலானதுக்கு இதுலயே பதில் இருக்கும். தேதியெல்லாம் ஒரே தாள்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. மையூனிசாவுல வர்ற அறிவிப்பால தேதி மாறினா, அந்தத் தாளையும் அன்னிக்கே திருத்தணும்.

அடுத்தது, எந்தக் கேள்விக்கு எந்த ஆள்ங்கிறது. பாடத்தோட பொறுப்பு, கேள்வித்தாள், மார்க் சம்பந்தப்பட்டதெல்லாம் லெக்சரர். இ-டியூட்டர் வேற ஆள். மாணவர்களைக் குழுவாப் பிரிச்சு, அந்தக் குழுவுக்குப் பாடத்தை விளக்கவும் கலந்துரையாடலை நடத்தவும் அவரைப் போட்டிருக்காங்க. "இது புரியலை"ங்கிற கேள்வியை முதல்ல அவர்கிட்ட கேளுங்க. ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷன், மாட்யூல் கேன்சல் இதையெல்லாம் லெக்சரருக்கு எழுதிப் பிரயோஜனமே இல்லை, அவர் கையில அந்த அதிகாரம் கிடையாது. அது நிர்வாகப் பிரிவு. லாகின் ஆகலை, ஃபைல் ஏறலைன்னா அது டெக்னிக்கல் உதவிப் பிரிவு. தப்பான கதவைத் தட்டிட்டு ஒரு வாரம் காத்திருக்கிறதுதான் முதல் வருஷத்துல அதிகமா நடக்குது. நிர்வாகத்துக்கு எழுதினா ரெஃபரன்ஸ் நம்பரைப் பத்திரமா வெச்சிருக்கணும். மறுபடி கேக்கும்போது புதுசா மெயில் ஆரம்பிக்காம அதே மெயிலுக்குக் கீழேயே எழுதணும்.

இனி கூச்சம். எப்படி எழுதணும்னு தெரியாததாலதான் பாதிக் கூச்சம் வருது. யூனிசா மாணவர்களுக்குக் கொடுக்கிற மைலைஃப் மெயில்ல இருந்து அனுப்பணும். சொந்த ஜிமெயில்ல இருந்து போனா இது யாரோட மெயில்னு அவங்களுக்கு உறுதியாத் தெரியாது. தலைப்புல ஸ்டூடண்ட் நம்பர், மாட்யூல் கோட், எந்த யூனிட்னு மூணும் இருக்கட்டும். ஒரு மெயில்ல ஒரே கேள்விதான்.

"நாலாவது யூனிட் புரியலை, உதவி பண்ணுங்க"ன்னு எழுதினா அவர் என்ன பதில் சொல்ல முடியும்? "மறுபடி படிங்க"ன்னுதான் வரும். இப்படி எழுதிப் பாருங்க: "ஸ்டடி கைடுல ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் பகுதி படிச்சேன். ஒரு நடத்தைக்குப் பின்னாடி பிடிச்ச ஒண்ணைக் கொடுத்து அந்த நடத்தையைக் கூட்டுறது பாசிட்டிவ், பிடிக்காத ஒண்ணை எடுத்துக் கூட்டுறது நெகட்டிவ்னு புரிஞ்சுக்கிட்டேன். கார்ல சீட் பெல்ட் போட்டதும் பீப் சத்தம் நிக்குது. இது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மெண்டா, பனிஷ்மெண்டா? எனக்கு முதலாவதுதான்னு தோணுது, ஆனா சத்தம் ஒரு தண்டனை மாதிரியும் இருக்கு." எங்க நிக்கிறா, எதுல குழம்புறா ரெண்டுமே இதுல தெரியுது. ரெண்டு வரியில பதில் வரும். பல சமயம் இப்படி எழுதி முடிக்கும்போதே விடை பிடிபட்டுடும். அப்போ மெயில் அனுப்பவே தேவையில்லை. மெயில் இங்கிலீஷ்லதான் போகணும், ஆனா கேள்வியை முதல்ல தமிழ்ல யோசிச்சுத் தெளிவு பண்ணிக்கிறதுல ஒரு தப்பும் இல்லை.

லெனேசியா நாதன் பதில்:

மெரிபேங்க் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. யூனிசாவில் மாட்யூல்கள் பெரும்பாலும் 12 கிரெடிட். ஆகவே ஒரு மாட்யூலுக்கு 120 மணி நேரம், நான்குக்கு 480. செமஸ்டரைச் சுமார் 15 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 32 மணி நேரம் வருகிறது. முழுநேர வேலைக்கு மேல் இன்னும் 32 மணி நேரம்! தனியாகத் திண்டாடுகிறோம் என்று நினைக்கிற பலருக்கு உண்மையான சிக்கல் ஆள் இல்லாதது அல்ல, யாரிடமும் கேட்க நேரமே மிஞ்சாதது. கேன்சல் செய்யும் கடைசித் தேதி தாண்டவில்லை என்றால் இரண்டு மாட்யூலாகக் குறைப்பதை யோசிக்கலாம். வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை செய்கிறவரால் முடியும். உதவித்தொகை ஏதாவது வாங்கினால், குறைப்பதற்கு முன் அதன் நிபந்தனையையும் பார்த்துவிடுங்கள்.

தொலைதூரக் கல்வியைப் பற்றி மைக்கேல் மூர் 1989-ல் ஒரு பகுப்பைச் சொன்னார். மாணவர் பாடத்தோடு உறவாடுவது, ஆசிரியரோடு உறவாடுவது, சக மாணவரோடு உறவாடுவது என்று மூன்று. உங்கள் தங்கைக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதற்கு வழி மேலே வந்துவிட்டது. மூன்றாவதை யுனிவர்சிட்டி முழுதாக அமைத்துத் தராது, மாணவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். யூனிசா 1946-லிருந்தே அஞ்சல் வழியில் கற்பித்து வருகிறது. மண்டேலாவோடு சிறையில் இருந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது கத்ரடா, சிறையில் இருந்தபடியே யூனிசா வழியாக நான்கு பட்டம் வாங்கினார். அவர்கள் அடைக்கப்பட்டிருந்த ராபன் தீவுச் சிறையில் கைதிகள் சுண்ணாம்புக் குவாரியில் வேலை செய்துகொண்டே ஒருவருக்கு ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள். புத்தகமே தட்டுப்பாடான இடத்தில் கூடப் படிப்பு நகர்ந்ததற்கு அந்தக் கூட்டும் ஒரு காரணம்.

குழு எப்படி அமைப்பது? நான்கு அல்லது ஐந்து பேர் போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் வராவிட்டால் அன்றைய படிப்பு நின்றுவிடும். ஏழெட்டுப் பேர் என்றால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஒரே மாட்யூலாக இருக்க வேண்டும், ஒரே டிகிரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆள் தேட இ-டியூட்டரின் கலந்துரையாடல் பக்கம்தான் நல்ல இடம். "ஸ்டடி குரூப் வேண்டும்" என்று மட்டும் போட்டால் நாற்பது பேர் "நானும்" என்பார்கள், ஒன்றும் நடக்காது. "டர்பன் பக்கம், வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு மாலை 5 மணி, இந்த மாட்யூல், நான்கு பேர்" என்று போடுங்கள். அதற்கும் பதில் சொல்கிறவர்கள்தான் நிலைத்து நிற்பார்கள்.

வாரம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரம் போதும். கூகுள் மீட்டில் இலவசக் கணக்கில் குழுவாகப் பேச ஒரு மணி நேரம் கிடைக்கும், ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம். கூட்டத்துக்கு முன்பே எல்லோரும் பழைய கேள்வித்தாளில் ஒரே கேள்விக்குத் தனித்தனியாக விடை எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் வாசிக்க, எங்கே வித்தியாசப்படுகிறது, ஏன் என்று பேச வேண்டும். எழுதாமல் வந்தால் அது அரட்டையாகிவிடும், மூன்றாவது வாரத்தில் குழுவே கலைந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் உடைவது இதனால்தான். யாருக்கும் யாரையும் பிடிக்காமல் போனதால் அல்ல.

அந்தப் பெரிய வாட்ஸாப் குரூப்புகளிலிருந்து வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் வாணி:

ரொம்ப நன்றி. 32 மணி நேரக் கணக்கைப் பாத்ததும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கேன்சல் தேதியைப் பாக்குறோம். குழுவுக்குள்ள அசைன்மெண்டைக் காட்டிக்கலாமா? டேட்டா செலவு, பரீட்சை பத்தியும் யாராவது சொன்னா நல்லது.

மாரிட்ஸ்பர்க் செல்வி பதில்:

நாதன் அண்ணா, பெரிய குரூப்பை விட்டு வெளியே வரவேண்டாம்னு நான் சொல்லுவேன். மையூனிசா வேலை செய்யாத அன்னிக்கு "எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"ன்னு தெரிஞ்சுக்க அதுதான் சீக்கிரமான வழி. ம்யூட்ல போட்டு, ஆர்கைவ் பண்ணி வெச்சுக்கலாம். ஆனா அங்க வர்ற தேதியை மையூனிசாவுல பாக்காம நம்பக்கூடாது. விடை விக்கிறவங்க நம்பரைப் பிளாக் பண்ணிடணும். "ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணித் தரேன்"னு பாஸ்வேர்டு, ஐடி நம்பர் கேக்கிறவங்களுக்கு எதையுமே தரக்கூடாது. பெரிய குரூப்புல சேர்ந்தாலே நம்ம போன் நம்பர் முகம் தெரியாத நூத்துக்கணக்கான பேருக்குப் போயிடுது, பெண்பிள்ளைங்க முக்கியமா அதை ஞாபகம் வெச்சுக்கணும். ப்ரொஃபைல் படத்தை "கான்டாக்ட்ஸ் மட்டும்"னு மாத்திடுங்க.

அசைன்மெண்ட் விஷயம் ரொம்ப முக்கியம் அக்கா. சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி எழுதின பக்கத்தை யாருக்கும் அனுப்பக்கூடாது, பாசத்துல கூட. அனுப்பினதை அவங்க இன்னொருத்தருக்குக் கொடுத்தா, காப்பியைக் கண்டுபிடிக்கிற டர்னிட்டின் மென்பொருள்ல ரெண்டு பேர் எழுத்தும் ஒத்துப்போகும். யார் எழுதி யார் காப்பியடிச்சாங்கன்னு மென்பொருளுக்குத் தெரியாது. விசாரணைன்னு வந்தா ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும். கேள்வி என்ன கேக்குதுன்னு பேசலாம், எந்த அத்தியாயத்துல தேடலாம்னு பேசலாம். வாக்கியம் மட்டும் அவங்கவங்களோடதா இருக்கணும். தேதி முடிஞ்சு, மார்க் வந்த பிறகு ஒருத்தர் தாளை ஒருத்தர் பாருங்க, அதுல நிறையக் கத்துக்கலாம். சாட்ஜிபிடி மாதிரி கருவிக்கும் மாட்யூலுக்கு மாட்யூல் விதி வேறயா இருக்கும், அதைப் படிச்சுட்டுத்தான் தொடணும்.

டேட்டாவுக்கு வர்றேன். வீடியோவோட ஒரு மணி நேரம் பேசினா பல நூறு எம்.பி. போயிடும். குழுக் கூட்டத்துல கேமராவை அணைச்சு, குரல் மட்டும் வெச்சா அதுல சின்னப் பங்குதான். படத்தோட விளக்க வேண்டியதை நோட்டுல வரைஞ்சு ஒரு போட்டோ அனுப்பினாப் போதும். வாரத்துல ஒரு நாள் யூனிசாவோட டர்பன் சென்டர் லைப்ரரிக்கோ, வைஃபை இருக்கிற பக்கத்து முனிசிபல் லைப்ரரிக்கோ போய் ஸ்டடி கைடு, பதிவு பண்ணின வகுப்பு எல்லாத்தையும் இறக்கிட்டு வரட்டும். டர்பன் சென்டருக்குப் போகும்போது எழுத்துப் பயிற்சி வகுப்பு எப்போன்னும் கேக்கட்டும். கட்டுரை எழுதுறது, மேற்கோள் காட்டுறது இதுலதான் முதல் வருஷத்துல மார்க் வீணாப் போகுது. பாடம் தெரிஞ்சும் மேற்கோள் முறை தெரியாம மார்க் இழக்கிறதைப் பாக்கவே மனசு பொறுக்கலை. கூடப் படிக்கிறவங்களை நேர்ல பாக்கவும் அந்த வகுப்புகள்தான் நல்ல இடம்.

பரீட்சை வீட்டுல இருந்து ஆன்லைன்ல நடந்தா, எந்தக் கண்காணிப்பு முறைன்னு அந்த மாட்யூல் அறிவிப்புலயே பாருங்க. இன்விஜிலேட்டர் ஆப்னு இருந்தா, பரீட்சைக்கு முன்னாடியே போன்ல ஏத்தி, கேமரா, மைக் அனுமதி எல்லாம் கொடுத்து சோதிச்சுப் பாக்கணும். அது சத்தத்தைப் பதிவு பண்ணும். பக்கத்து ரூம்ல டிவி, பாட்டி போன்ல பேசுறது எல்லாமே பேச்சுச் சத்தமா விழும், அப்புறம் விளக்கம் கேட்டா சொல்லியாகணும். அந்த நேரத்துக்கு வீட்டுல எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க. லோட் ஷெடிங் (முறை வெச்சுக் கரண்ட் நிறுத்துறது) திரும்ப வந்தாலும் சமாளிக்க ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ்., போன்ல கொஞ்சம் டேட்டா இருந்தாப் போதும். கரண்ட் போயோ, பக்கம் தொங்கியோ சமர்ப்பிக்க முடியலைன்னா உடனே நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்னிக்கே எழுதணும். ரெண்டு நாள் கழிச்சு எழுதினா நம்ம பேச்சைத் தவிர வேற ஆதாரமே இருக்காது. பரீட்சை நடக்கும்போது வாட்ஸாப் குழுவைத் திறக்கவே கூடாது. அங்க யாராவது விடை போட்டா, குரூப்புல இருக்கிற எல்லாருக்குமே தலைவலி.

ஃபீனிக்ஸ் அம்மா பதில்:

வாணி, ரெண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கோம்மா. அசைன்மெண்ட் தேதித் தாள் ஒட்டும்போது அதே தாள்ல நம்ம நாள்களையும் குறிச்சுடுங்க. முதல் செமஸ்டர்னா ஈஸ்டர் சமயத்துல மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் பூஜை வரும், ரெண்டாவது செமஸ்டர்ல புரட்டாசி விரதம். வீட்டுக் கல்யாணமும் அப்படித்தான். தேதி மோதுற வாரத்துக்கு அசைன்மெண்டைப் பத்து நாள் முன்னாடியே முடிக்கிற மாதிரி வெச்சுக்கணும். கோயிலுக்குப் போகாதேன்னும் சொல்லாதீங்க, படிக்காதேன்னும் சொல்லாதீங்க. ஞாயிறு 5 மணிக்கு அவ குழுவுல உக்காரும்போது வர்ற விருந்தாளியை நீங்க கவனிச்சுக்கோங்க.

இன்னொண்ணு மனசு. தூக்கம் போச்சு, அழுகை வருது, புத்தகத்தைத் திறக்கவே பயமா இருக்குன்னு ரெண்டு வாரம் நீடிச்சா அதைச் சோம்பேறித்தனம்னு நினைச்சுடாதீங்க. யூனிசாவுல கவுன்சலிங் பிரிவு இருக்கு, மாணவர்கள் யாரும் கேக்கலாம். ராத்திரியில ரொம்ப முடியலைன்னா சடாக்ங்கிற மனநல அமைப்போட தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567, இலவசம். பார்வைக் குறைவு, காது கேளாமை, எழுத்துக் கூட்டுறதுல சிக்கல்னு ஏதாவது இருந்தா மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கு செமஸ்டர் தொடங்கும்போதே டாக்டர் சான்றிதழோட எழுதணும். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வேணும்னு பரீட்சைக்கு முந்தின நாள் போய்க் கேட்டா ஏற்பாடு பண்ண அவங்களுக்கு வழி இருக்காது.

சாட்ஸ்வர்த் வாணி:

ரெண்டு மாட்யூலைக் குறைக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு, கேன்சல் தேதி இன்னும் தாண்டலை. டுட்டோரியல் லெட்டர் ரெண்டையும் இறக்கிட்டோம். இ-டியூட்டர் பக்கத்துல "ஞாயிறு 5 மணி, டர்பன், நாலு பேர்"னு இப்போதான் போட்டா. இங்க யாருக்காவது முதல் வருஷ சைக்காலஜி படிக்கிற பிள்ளைங்க இருந்தா சொல்லுங்க, குழுவுல இடம் காலியா இருக்கு.

மாரிட்ஸ்பர்க் செல்வி:

அந்தப் பதிவுல மாட்யூல் கோடும் போடச் சொல்லுங்க அக்கா. இல்லைன்னா வேற மாட்யூல் ஆளுங்க வந்து நிப்பாங்க.