குமுளிப் பெண் வள்ளி வேஷம் கட்டினார்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

குமுளியிலிருந்து:

எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் சீரியலில் நான்கு வருஷம் நடித்தார். வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். இப்போது அவர் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி. வள்ளி திருமணத்தில் வள்ளியாக விடிய விடியத் தன் சொந்தத் தொண்டையில் பாடிப் பேசுகிறார். அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. வழியில் அவரைச் சந்தித்தவர்கள், நாடகத்தைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார்.

கம்பத்திலிருந்து:

நான் ஆர்மோனியம் வாசிக்கிறவன், பின்பாட்டும் பாடுவேன். தேனிப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் முப்பது வருஷம் ஆகிவிட்டது. 2021 கார்த்திகையில் அந்தப் பெண் தன் அம்மாவோடு மலையிறங்கி பஸ்ஸில் வந்தார். டிவியில் பார்த்த முகம் வாசலில் நின்றதும் என் வீட்டுக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கோமாளி வேஷக்காரரான பபூனோடு ஆடுகிற டான்ஸ் பார்ட் கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே அதற்குக் கூப்பிட்டிருந்தார்களாம். நோட்டீஸில் தெரிந்த முகம் இருந்தால் கூட்டம் சேரும், அதனால். டான்ஸ் பார்ட்டை நான் குறைவாகச் சொல்லவில்லை, அதற்கும் பெரிய தைரியம் வேண்டும். ஆனால் இவர், “ஐயா, எனக்கு வள்ளி பாடம் வேணும்” என்றார்.

பாடச் சொன்னேன். சுருதி சேர்ந்தது, ஆனால் பக்கத்தில் இருப்பவர் காதில் ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு குரல். நான் முகம் சுளித்திருப்பேன் போல. அப்போதுதான் அவர் சொன்னார். நான்கு வருஷமும் சீரியலில் கேட்டது அவருடைய குரலே இல்லையாம். பேச்சில் மலையாள இழுப்பு இருக்கிறது என்று முதல் நாளே டப்பிங்குக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். “என் குரல் எப்படி இருக்கும்னு எங்க ஊருக்கு வெளிய யாருக்கும் தெரியாது ஐயா” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சரி, வாரம் மூன்று நாள் வா என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஆறு மாதம் அகார சாதகம்தான், ‘ஆ’ என்று இழுத்துக் குரல் பழக்குவது. பிறகு தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற ஆலோலம், விருத்தங்கள். ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் ஆர்மோனியத்தை வைத்தால் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது தொண்டை மூடிக்கொள்ளும். மைக் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு கத்த வேண்டும் என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். மைக் சத்தத்தைத்தான் கூட்டும். பிடிக்கிற மூச்சையும் விடுகிற மூச்சையும் அது கூட்டித் தராது. ராத்திரி பத்து மணிக்குத் திரை தூக்கினால் முடிய விடிந்துவிடும். ரீடேக் கிடையாது.

இன்னொரு கஷ்டம் கண். கேமராவுக்கு இமை அசைந்தால் போதும். எங்கள் மேடையில் கடைசியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற பாட்டிக்கும் வள்ளி கோபப்படுவது தெரிய வேண்டும். தோளிலிருந்து கை எழும்பப் பழகவே அவருக்கு ஒரு வருஷம் போல ஆனது.

நாடக நடிகர் சங்கத்தில் சேர்ந்து கார்டு வாங்கினார். ஒரு விழாக் கமிட்டி தேதி கேட்டு வந்தபோது நான் இவரைச் சொன்னேன். முகத்துக்காகச் சம்மதித்தார்கள். முருகனாக வருகிற கதாநாயகர், ராஜபார்ட்தான் தயங்கினார். அவர் தயங்கியதில் தப்பே இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து அன்றைக்குத்தான் மேடையில் பார்த்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் பொது. வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற இடத்தில் மட்டும் யார் என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வள்ளி வாயடைத்து நின்றால் நாடகமே படுத்துவிடும்.

அந்த ராஜபார்ட் ஒரு நாள் என் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம் கேள்வியாகக் கேட்டார். பெரியபுராணம், திருப்புகழ், சும்மா வாய்ச்சண்டை, எல்லாம்தான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எழுந்து துண்டை உதறிவிட்டு, “சரி, நோட்டீஸ்ல போடச் சொல்லுங்க” என்றார். அந்தப் பெண்ணுக்கு வேஷம் கிடைத்தது அந்த நிமிஷம்தான்.

வண்டிப்பெரியாரிலிருந்து:

நான் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். அந்த நாடகம் நடந்த அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் ஜீப் பிடித்துக் கீழே போய்ப் பார்த்தோம். முதலில் சொல்லிவிடுகிறேன், ஆலோலம் பாடும்போது ஒரு இடத்தில் குரல் உடைந்தது. கூட்டத்தில் யாரோ, “டிவியில வேற மாதிரி பேசுமே?” என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஆர்மோனியக்காரர் அந்த வரியைத் தாங்கிப் பிடித்தார், இவர் மூச்சு வாங்கித் திரும்ப அதே வரியிலிருந்து எடுத்தார்.

தர்க்கம் நடந்தபோது மணி இரண்டுக்கு மேல் இருக்கும். வேடனாக வந்த முருகன் கேட்டார்: “பெண்ணே, உன் பேச்சில் மலையாள வாடை வீசுகிறதே, நீ எந்த ஊர்க் குறத்தி?”

கூட்டம் சிரித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்களைக் கீழே இறங்கினால் மலையாளத்தாள் என்பார்கள், மேலே ஏறினால் தமிழத்தி என்பார்கள். 1956இல் எங்கள் பீர்மேடு தாலுகா கேரளாவோடு போனதிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இதைக் கேட்டாகிவிட்டது.

வள்ளி கவணைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “மலையில் பிறந்தவள் மலைப் பேச்சுத்தான் பேசுவேன். பெண் கேட்டு மலையேறி வந்தவன் நீ. பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டியவனும் நீதான்.”

ராஜபார்ட் ஒரு நொடி திகைத்து, பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். விசில் அடங்க வெகு நேரம் ஆனது. நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த எங்கள் மேஸ்திரியக்காவும்.

செங்கோட்டையிலிருந்து:

இதையெல்லாம் படிக்கும்போது எங்கள் ஊர் நாடகப் பாடகர் கிட்டப்பா நினைவுக்கு வருகிறார். 1906இல் இங்கே பிறந்தவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் சேர்ந்து பாடியதை என் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். 1933இல் கிட்டப்பா போனபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளை 1935இல் சினிமாவில் நந்தனாராக நடிக்கவைக்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்த நாளில் மேடையில் நிரூபித்த குரலைத் தேடித்தான் சினிமா வந்தது. இந்தப் பெண் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார், குரலை வாங்கிக்கொள்ள. அடுத்த நாடகம் எங்கே என்று தெரிந்தால் போடுங்கள். தூரம் ஒரு பொருட்டல்ல.

குமுளியிலிருந்து:

எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இரண்டு விஷயம் எழுதச் சொன்னார். திண்ணையில் கேள்வி கேட்டது இரண்டு மணி நேரம் இல்லை, மூன்றரை மணி நேரம். நடுவில் ஆர்மோனிய ஐயா வீட்டம்மா கொடுத்த சுக்குக் காப்பி இல்லாவிட்டால் அன்றைக்குத் தொண்டை போயிருக்குமாம். குரல் உடைந்த அந்த வரியை இன்னும் தினமும் காலையில் பாடிப் பார்க்கிறாராம்.

செங்கோட்டை ஐயாவுக்கு: பங்குனியில் சின்னமனூர்ப் பக்கம் ஒரு தேதி பேசிக்கொண்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கியதும் இங்கேயே போடுகிறேன்.