புதுப்பிப்பு: மகளுக்கு மழலையர் பள்ளி கிடைத்துவிட்டது

மூன்று வயது மகளை எந்தத் தனியார் மழலையர் பள்ளியில் சேர்ப்பது என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பெங்களூரு அல்சூரில், வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள சிறிய பள்ளியொன்றில் சேர்த்துவிட்டோம்.

பள்ளி நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள் என்று உங்களில் ஒருவர் சொன்ன யோசனைதான் எங்களை முடிவெடுக்க வைத்தது. குளிரூட்டிய வகுப்பறைகளைப் பெருமையாகக் காட்டிய பெரிய பள்ளி, கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றதும் மழுப்பியது. இந்தச் சிறிய பள்ளியிலோ கைகழுவும் தொட்டி குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அழுத சிறுவனை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆயாம்மா மற்றவர்களின் டிபன் டப்பாக்களைத் திறந்துகொடுத்தார்.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துமாறு அந்தப் பெரிய பள்ளியில் அறிவுரை வேறு சொன்னார்கள். இயன்றவரை, குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை, தாய்மொழி அல்லது வீட்டுமொழியே பயிற்றுமொழியாக இருக்கும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே கூறுகையில், இது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. மகள் இப்போது கன்னடப் பாட்டொன்றைத் தமிழ் உச்சரிப்பில் பாடுகிறாள்.

கர்நாடகத்தில் முதல் வகுப்பில் சேர ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அவசரப்பட்டு எல்கேஜியில் தள்ளாமல் விளையாட்டு வகுப்பிலேயே விட்டிருக்கிறோம். வேன் கட்டணம் மிச்சம். சீருடைக்கு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் செலவாயிற்று.