தொடையில் கம்பி இருக்கிறது, முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்

என் தம்பிக்கு 27 வயது. பத்து வாரத்துக்கு முன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பைக் விபத்து. வலது தொடை எலும்பு நடுவில் முறிந்து, மறுநாள் இடுப்புப் பக்கமாகக் கம்பி வைத்தார்கள். டைட்டானியம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. எலும்பு நன்றாகவே கூடி வருகிறது, சிக்கல் முழங்காலில்.

வீக்கம் முழுசாக வடியவில்லை. படி இறங்கும்போது முட்டி சட்டென்று நழுவுகிற மாதிரி இருக்கிறதாம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எக்ஸ்ரே இரண்டு தடவை எடுத்தோம், ஒன்றுமில்லை. ஜவ்வும் தசைநாரும் அதில் எங்கே தெரியும்! பிசியோ நான்கு வாரம், ஐஸ், முட்டி உறை எல்லாம் பார்த்தாயிற்று.

அப்புறம் தர்மபுரியில் இன்னொரு எலும்பு டாக்டர் காலை மடக்கி முன்னால் இழுத்துப் பார்த்தார். தொடை முறியும்போதே முட்டி தசைநாரும் அறுந்திருக்கலாம், தொடை வலியில் இது கண்ணில் படாமல் போவது உண்டு என்று எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் சென்டரில் கம்பி என்றதுமே முடியாது என்றுவிட்டார்கள். டைட்டானியத்தோடு எடுக்கலாம், கம்பி நுனியருகே படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான் என்கிறார் டாக்டர்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தொடைக் கம்பியோடு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்தவர்கள் யாராவது எந்த சென்டர் என்று சொல்ல முடியுமா?