டிஃபரென்ஷியல் ஒழுக்கு: ‘சீல்’ என்பதற்கு முத்திரை வேண்டாம்

வணக்கம். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் டிஃபரென்ஷியலில் (எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) எண்ணெய் ஒழுகுவதைச் சரிசெய்யும் குறிப்புக்காக நீங்கள் தமிழில் போட்ட சொற்பட்டியலைப் பார்த்தேன். சில இடங்களில் எனக்கு உடன்பாடில்லை.

> ஆயில் சீல் – எண்ணெய் முத்திரை

ஐயா, முத்திரை பத்திரத்தில் குத்துவது. இங்கே சுழலும் தண்டைச் சுற்றி ரப்பர் உதடு ஒன்று எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. ‘அடைவளையம்’ போதும். இடத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: எஞ்சின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் (பெட்டிக்குள் செலுத்தும் சிறு பல்சக்கரம்) பக்கம் ‘முன் அடைவளையம்’, சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளில் ‘பக்க அடைவளையம்’. பெயரிலேயே இடம் இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு வேலை மிச்சம். முன்னது போனால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பினியனோடு இணைத்துச் சுழலும் ஃபிளேஞ்ச் எண்ணெயை விசிறி அடித்து மேலே தரைத்தகட்டில் வளையமாகப் படியவைக்கும், பக்கத்தது போனால் தண்டின் உள்முனையில் ஈரம் தெரியும்.

> லீக் – கசிவு

இதை இரண்டாகப் பிரிக்கவேண்டும். தூசி ஒட்டிக் கறுத்த ஈரம் மட்டும் என்றால் கசிவு. சொட்டாகத் தரையில் விழுந்தால் ஒழுக்கு. 1.6 லிட்டர் எஞ்சின் வண்டியில் டிஃபரென்ஷியல் பெட்டி பிடிக்கும் எண்ணெயே 0.65 லிட்டர்தான், அதனால் ஒழுக்கைத் தள்ளிப்போட முடியாது. கசிவென்றால் துடைத்துக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். துடைக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது, முன்னாலிருந்து எஞ்சின் ஆயிலே காற்றில் பின்னால் வந்து படிந்திருக்கலாம். முகர்ந்து பாருங்கள், டிஃபரென்ஷியலில் ஊற்றும் கியர் ஆயில் என்றால் கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

> பிரீதர் – சுவாசிப்பான்

அது ஒரு துளைதானே, ‘மூச்சுத்துளை’ என்போம். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: இது சேறு அடைத்துக் கிடந்தால், ஓடிச் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி நல்ல அடைவளையத்தையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். இதைப் பார்க்காமல் அடைவளையத்தை மாற்றினால் புதியதும் ஒழுகும். அப்புறம் ரப்பர் சரியில்லை என்று கடைக்காரரிடம்தான் சண்டை.

> டிஃபரென்ஷியல் – வகையீட்டுப் பெட்டி

வகையீடு நுண்கணிதக்காரர்களுடையது. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதே இதன் வேலை. ‘வேறுவேகப் பல்லிணை’ என்பது என் முன்மொழிவு. தலைப்பில் அதைப் போட்டுவிட்டு, உள்ளே டிஃபரென்ஷியல் என்றே எழுதினாலும் எனக்குச் சரி.

மூடியில் தடவும் பசைக்கு ‘ஒட்டடை’ என்று போட்டிருக்கிறீர்களே, வீட்டில் துடைப்பத்தால் அடிப்போமே அதையா? ‘மூடிப்பசை’ என்று மாற்றுங்கள்.

கிரஷ் ஸ்லீவ் பட்டியலில் இல்லை. பினியனின் இரு பேரிங்குகளுக்கு இடையில் இருந்து, நட்டை இறுக்கும்போது நசுங்கி அவற்றின் இறுக்கத்தைச் சரியாக வைக்கும் குழல் அது. ‘நசுங்குகுழல்’ என்று சேர்க்கலாம். முன் அடைவளையத்தை மாற்ற பினியன் நட்டைக் கழற்றுவதற்கு முன் அடையாளக் கோடு போடச் சொல்வது இதனால்தான். அளவுக்கு மேல் இறுக்கினால் குழல் இன்னும் நசுங்கி, பேரிங்குகள் இறுகிச் சூடாகிவிடும், பிறகு நட்டைத் தளர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது.

கடைசியாக, ரப்பர் உதடு உரசி உரசி ஃபிளேஞ்சில் விழும் வரிப்பள்ளத்துக்கு ‘தேய்தடம்’ சரிவருமா? நகத்தால் வருடும்போது அது தட்டுப்பட்டால், அடைவளையத்தை மட்டும் மாற்றி ஒழுக்கு நிற்காது, ஃபிளேஞ்சையும் மாற்றவேண்டியிருக்கும். அதனால் இதற்கும் ஒரு சொல் தேவை.