இரண்டு வெள்ளிக் கழுகுகள், இரண்டு விதப் பளபளப்பு: எது புரூஃப்?

கேள்வி:
வணக்கம். 2006-ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளிக் கழுகு நாணயங்கள் இரண்டு வாங்கினேன். இரண்டுமே புரூஃப் என்றுதான் சொன்னார்கள். ஒன்றின் பின்புலத்தில் என் முகமே தெரிகிறது. உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக இருக்கிறது. மற்றொன்றில் உருவம் மின்னுகிறது, பின்புலம் மங்கியிருக்கிறது. தேய்ந்துபோனதா? வெள்ளி துடைக்கும் துணியால் துடைக்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து துடைக்காதீர்கள்! அது ரிவர்ஸ் புரூஃப். பின்பக்கத்தில் ‘பி’ என்ற சிறிய எழுத்து (அச்சிட்ட ஆலையின் குறி) இருக்கிறதா? வெள்ளிக் கழுகின் 20-ஆம் ஆண்டு நிறைவுக்கென வெளியிட்ட மூன்று நாணயத் தொகுப்பில் வந்தது அது. வழக்கமான புரூஃபில் ‘டபிள்யூ’ இருக்கும்.

புரூஃப் என்பது தரத்தின் பெயரல்ல, தயாரிக்கும் முறையின் பெயர். அச்சின் சமதளத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, உருவம் வரும் பள்ளங்களைச் சொரசொரப்பாக்குவார்கள். தனியாகத் தயார்செய்த வில்லையில் (இன்னும் அச்சிடாத உலோக வட்டில்) ஒரு முறைக்கு மேல் அடிப்பார்கள். ரிவர்ஸ் புரூஃபில் மெருகும் சொரசொரப்பும் இடம் மாறுகின்றன. ஆகவே உங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது அழுக்கல்ல, வேலைப்பாடு.

கேட்டவர்:
‘பி’ இருக்கிறது, ஐயா. மிக்க நன்றி. அதே ஆண்டில் கண்ணாடிப் பளபளப்பே இல்லாமல், ‘டபிள்யூ’ எழுத்தோடு இன்னொன்றும் வைத்திருக்கிறேன். அது?

பதில் 2:
அதை பர்னிஷ்டு என்போம். அச்சிடும் முன்பே வில்லையை மெருகேற்றிவிடுவார்கள். தொகுப்பின் மூன்றாவது நாணயம் இதுதான். முதலீட்டுக்கென வரும் சாதாரண வெள்ளிக் கழுகைப் போலவே தோன்றும். அந்தச் சாதாரணக் கழுகில் எழுத்து இருக்காது என்பதே எளிய அடையாளம்.

ஒன்று செய்து பாருங்கள். புழக்கத்துக்கு வராத சாதாரண நாணயம் ஒன்றை விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் ஒளிக்கீற்று சுற்றிவரும். அடிக்கும்போது உலோகம் வெளிநோக்கி நகர்ந்த தடம் அது. எனக்கு எந்தப் புரூஃபைவிடவும் பிடித்த காட்சி! தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தில் அந்தக் கீற்று சுழலாது. முடிபோன்ற மெல்லிய கோடுகள்தான் தெரியும்.

கேட்டவர்:
சுழற்றிப் பார்த்தேன், அருமை! ஆனால் வருத்தமான செய்தி. இங்கே கேட்பதற்கு முன்பே ரிவர்ஸ் புரூஃபின் ஓர் ஓரத்தைத் துடைத்துவிட்டேன். அங்கே நான்கைந்து கோடுகள் தெரிகின்றன.

பதில் 1:
அவை போகாது, நண்பரே. இனித் தொடாமல், பிவிசி கலக்காத உறையில் வையுங்கள். என்றைக்காவது விற்றால், கோடுகளை வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள்.