புதுப்பிப்பு: தெர்கின் சகான் ஏரியில் மேய்ப்பர் குடும்பத்துடன்

மங்கோலியாவின் அர்ஹாங்காய் மாநிலத்திலுள்ள தெர்கின் சகான் ஏரிக்குச் செல்லவிருப்பதாக முன்பு எழுதியபோது, மேய்ப்பர் குடும்பங்களுடன் தங்க இயலுமா, சைவ உணவு கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போது போய் வந்துவிட்டேன்.

தாராளமாகத் தங்கலாம். ஹோர்கோ எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்ததால் உருவான, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலுள்ள இந்த ஏரியின் கரையில், தெற்கு நோக்கிய வாசலுடைய 'கெர்' கூடாரங்களில் விருந்தினரை ஏற்கிறார்கள். கோடையில் பெண்குதிரைகளைப் பகலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்கிறார்கள். குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் விலக்கிக் கறந்து, அந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றித் திரும்பத் திரும்பக் கடைந்து புளிக்கவைத்தால் 'ஐராக்' கிடைக்கிறது. இலேசான போதையுள்ள அந்தப் புளிப்பு எனக்குப் பிடித்தது. வெறும் வயிற்றில் குடிக்க மட்டும் பரிந்துரைக்க மாட்டேன்.

சைவர்களுக்கு உப்பிட்ட பால் தேநீர், 'ஆருல்' எனும் உலர்தயிர்க் கட்டி, கெட்டியான பாலாடை ஆகியவை உண்டு. காய்கறி அரிது, சமைக்கும் சட்டியோ ஆட்டிறைச்சிக்கும் அதுவேதான். ஆகவே அரிசி, பருப்புடன் ஒரு பாத்திரமும் கொண்டுசெல்லுங்கள். ஜூலையிலும் இரவு குளிரும். கெருக்குள் நுழையும்போது நிலைப்படியை மிதிக்கக்கூடாது. தருவதை வலக்கையால் வாங்க வேண்டும்.